வாந்தி நின்ற பிறகும் இரண்டு நாள்: வயிற்று வைரஸ் பற்றி எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 23 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். இப்போது ஓய்வு. ஆனாலும் மார்கழி பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பையன் ராத்திரி பூராக் கக்கிட்டே இருந்தானுங்க." "எங்க ஊட்ல வரிசையா எல்லாத்துக்கும் வவுத்தால போகுதுங்க." கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"ஸ்டமக் ஃப்ளூ" என்கிறார்களே, இது காய்ச்சல் வகையா?

இல்லை. ஃப்ளூ என்பது மூச்சுக்குழாயைப் பிடிக்கும் வேறு நோய். இது குடலைப் பிடிக்கும் வைரஸ். பெரியவர், சிறியவர் எல்லாரையும் தாக்குவது நோரோ வைரஸ். கைக்குழந்தைகளை அதிகம் படுத்துவது ரோட்டா வைரஸ். 1968-இல் அமெரிக்காவின் நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரவிய நோயின் மாதிரிகளிலிருந்துதான், 1972-இல் நோரோ முதலில் அடையாளம் காணப்பட்டது. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் 'நோரோ' வந்தது. அதற்காக அமெரிக்கச் சீக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம், வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு 2021 நவம்பரில் நோரோ உறுதியானது. நம் பக்கமும் வருகிறது. பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை என்பதால் பேர் தெரியாமல் வந்து போகிறது.

நேற்று கல்யாணத்தில் சாப்பிட்டது சேரவில்லை என்கிறார்கள். அது வேறு, இது வேறா?

இரண்டும் கலந்தே இருக்கலாம். கெட்டுப்போன சாப்பாட்டில் கிருமி ஏற்கெனவே விஷத்தைக் கக்கி வைத்திருந்தால், சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வரும். நோரோ உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால் இன்றைக்கு வாந்தி என்றால் இன்று காலை தின்ற இட்லியைத் திட்டாமல், நேற்றும் முந்தாநாளும் எங்கே போனோம், யார் வீட்டில் யாருக்கு முடியாமல் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்து, ஒரு நாள் இரண்டு நாள் இடைவெளியில் அடுத்தவருக்கு வந்தால், அது தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படித்தான் ஒட்டுகிறது?

மலமும் வாந்தியும்தான் வழி. பச்சையாகச் சொன்னால், ஒருவர் வயிற்றிலிருந்து வெளியே வந்தது கண்ணுக்குத் தெரியாத அளவில் இன்னொருவர் வாய்க்குள் போகிறது. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் இதை மனதில் வாங்கிக்கொண்டால்தான் மீதி எல்லாம் புரியும். நோரோ தொற்றுவதற்கு 20-க்கும் குறைவான வைரஸ் துகள்களே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நோயாளியின் மலத்தில் ஒரு கடுகளவில் கோடிக்கணக்கில் இருக்கும்.

அது எதில் ஒட்டியிருக்கும் என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பாத்ரூம் தாழ்ப்பாள். குழாயின் திருகு. மக்கின் பிடி. லைட் சுவிட்ச். பிள்ளை கையில் வைத்திருக்கும் செல்போன். குடத்துக்குள் சொம்பை விட்டுத் தண்ணீர் மொள்ளும்போது தண்ணீரைத் தொடும் விரல் நுனி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பலமாக வாந்தி எடுக்கும்போது நுண்ணிய திவலைகள் காற்றில் பறந்து, நாலைந்து அடி தள்ளியிருக்கும் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றிலும் படியும். பக்கத்தில் நிற்பவர் வாய்க்குள்ளேயும் போகும்.

எத்தனை நாள் பரவும்? வாந்தி நின்றுவிட்டால் சரிதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படித்தால் போதும் என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். வாந்தியும் பேதியும் நின்ற பிறகு இன்னும் முழுசாக இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம், அந்த ஆள் அடுப்படிக்குப் போகக்கூடாது. யாருக்கும் பரிமாறக்கூடாது. பள்ளிக்கூடம், வேலை, விசேஷ வீடு எதற்கும் போகக்கூடாது. உடம்பு தேறி, பசி எடுத்து, நடமாட ஆரம்பிக்கும் நாளில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். வைரஸ் அப்போதும் மலத்தில் ஏராளமாக வெளியேறிக்கொண்டிருக்கும். குறைந்த அளவில் இரண்டு வாரமும் அதற்கு மேலும்கூட வெளியேறும். இரண்டு வாரம் யாரையும் ஒதுக்கி வைக்க முடியாது என்பதால், மிக மோசமான அந்த இரண்டு நாளையாவது காப்பாற்றச் சொல்கிறோம். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டிலேயே பட்டிருக்கிறேன். ஒரு தைமாசம் பேத்திக்கு வாந்தி. மறுநாள் மத்தியானமே அவள் ஓடி விளையாடினாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஊரிலிருந்து வந்தார். பேத்தி தன் கையாலேயே முறுக்கை உடைத்து ஊட்டிவிட்டாள். இரண்டாம் நாள் ராத்திரி, 71 வயசு மனுஷியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டார். ஆனால் நாக்கு வறண்டு, கண் குழிந்து அவர் கிடந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செவிலியரான எனக்கே அந்த இரண்டு நாள் கணக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

சம்பளம் போய்விடுமே? இரண்டு நாள் எப்படி வீட்டில் உட்காருவது?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இரண்டு நாள் என்பது பெரிய பணம். என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்பது மேற்பார்வையாளர்களையும் முதலாளிகளையும்தான்: ஒரு லைனில் ஒருவரை வாந்தியோடு உட்கார வைத்தால் அடுத்த மூன்று நாளில் பாதி லைன் காலியாகும். விடுதியில் பரவினால் இன்னும் மோசம். லீவு கொடுப்பது உங்களுக்கும் லாபம். வேறு வழியே இல்லாமல் வேலைக்கு வந்தால், கேன்டீன் பக்கமும் பொதுத் தண்ணீர் டிரம் பக்கமும் கை வைக்காமலாவது இருக்க வேண்டும். சமையல் வேலை, சத்துணவுக் கூடம், அங்கன்வாடி, டீக்கடை, பேக்கரி ஆட்களுக்கு மட்டும் எந்த விலக்கும் கிடையாது. அந்த இரண்டு நாள் அவர்கள் கட்டாயம் வரக்கூடாது.

கையில் சானிடைசர் தடவினால் போதாதா?

போதாது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே இல்லை, அதனால் சானிடைசருக்குச் சரியாக மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் மருந்து. சோப்பு அதைக் கொல்வதில்லை, தேய்த்துப் பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. 20 விநாடி, விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் எல்லாம் தேய்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல், போர் தண்ணீர். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, உடனே விட்டுவிடுகிறார்கள். நுரை வராவிட்டாலும் தேய்ப்பு வேலை செய்யும், கொஞ்சம் கூடுதல் நேரம் தேயுங்கள். கை கழுவ நல்ல தண்ணிதான் வேண்டும் என்பதில்லை. அப்புறம், அழுக்குக் கையால் திறந்த குழாயைக் கழுவிய கையால் மூடினால் கழுவியது வீண். புறங்கையாலோ முழங்கையாலோ மூடுங்கள், அல்லது வீட்டில் யாராவது தண்ணீர் ஊற்றட்டும்.

வாந்தி எடுத்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். சரிதானே?

பினாயிலில் வாசனை போகும், நோரோ அவ்வளவு லேசில் போகாது. மஞ்சள் தண்ணீரும் சாணமும் அப்படித்தான். குளோரின்தான் இதற்குச் சரியானது.

பெரும்பாலான வீடுகளில் செய்யும் தவறு, ஒரு பக்கெட் தண்ணீரை வீசி ஊற்றி விளக்குமாற்றால் தள்ளுவது. அப்போது வாந்தி வீடு முழுக்கத் தெறிக்கிறது, விளக்குமாறும் வைரஸைச் சுமக்கிறது. அதற்குப் பதிலாக, முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, கையில் உறை, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளை வாந்தி மேல் போட்டு உறிஞ்ச விட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து ஒரு பையில் கட்டிவிடுங்கள். பிறகு குளோரின் தண்ணீரை, வாந்தி பட்ட இடத்தில் மட்டும் அல்லாமல் சுற்றி நாலைந்து அடி வரை ஊற்றி, 10 நிமிஷம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

அளவு இது. பிளீச்சிங் பவுடர் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 17 கிராம் போல. கடையில் கிடைக்கும் 5 சதவீத பிளீச் திரவம் என்றால் 1 லிட்டருக்கு 100 மில்லி. தாழ்ப்பாள், குழாய், சுவிட்ச் துடைக்க இதில் ஐந்தில் ஒரு பங்கு பலம் போதும். சுவிட்சை நனைக்காமல், பிழிந்த துணியால் துடையுங்கள். அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். மூட்டை பிரித்து மாசக்கணக்கான பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், அதை நம்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. உப்புத் தண்ணிக் கறை போக நம் வீடுகளில் பாத்ரூமுக்கு ஆசிட் ஊற்றுவது வழக்கம். ஆசிட்டும் பிளீச்சும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடின பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் அந்த இடத்தில் ஊற்றாதீர்கள்.

துணிமணி?

உதறாதீர்கள். மலம், வாந்தியை வழித்துவிட்டு, தனியாக, சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு நேரம் கொடுத்துத் துவையுங்கள். நல்ல வெயிலில் காய வையுங்கள்.

லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். என்ன செய்வது?

ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், அதுதான் முதல் வேலை. "எங்க ஊட்ல வாந்தி பேதி, ரெண்டு மூணு நாளைக்குக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முடியாதவருக்குத் தனி மக். அவர் போய்வந்த பிறகு வீட்டார் ஒருவர் குளோரின் தண்ணீரால் தாழ்ப்பாள், குழாய், மிதிக்கும் இடம் துடைத்துவிட வேண்டும். வாசலில் ஒரு சோப்பு, அது தீரத் தீர வேறு. செலவை எட்டு வீடும் பகிர்ந்துகொள்ளலாம்.

நோம்பி வருகிறது, வீடு நிறைய ஒறம்பரை வரும். எதில் கவனம் வேண்டும்?

கொதிக்கிற சாம்பாரையும் ரசத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெந்த பிறகு வெறும் கை படும் பண்டங்கள்தான் கவலை: அடுக்கி வைக்கும் வடை, தட்டி எடுக்கும் ஒப்புட்டு, பிழிந்து உதிர்க்கும் சந்தவை, வெள்ளரிப் பச்சடி, நறுக்கின பழம், அப்பளம், இலையில் வைக்கும் உப்பு. பரிமாறுகிற பங்காளிப் பையன்களில் ஒருவனுக்கு முந்தின நாள் வயிறு சரியில்லாமல் இருந்தால் ஒரு பந்தியே மாட்டிக்கொள்ளும்.

சமையல்காரரிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள்: "உங்க ஆளுங்க யாருக்காச்சும் ரெண்டு மூணு நாளா வவுத்துக்கு முடியாம இருந்துச்சுங்களா?" கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அப்படி ஒருவர் இருந்தால் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கூலி பிடிப்பார்கள் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். டிரம்மில் டம்ளரை முக்கி எடுக்கும் பழக்கத்தை விட்டு, குழாய் வைத்த டிரம் போடுங்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும், சோப்பு இருக்காது. இரண்டு சோப்பு வாங்கி வையுங்கள்.

வீட்டில் யாருக்காவது வந்திருந்தால், வருகிறவர்களிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் இன்னொரு நாள் வரட்டும்.

குழந்தைக்கு முதலில் என்ன கொடுக்க வேண்டும்?

ஓஆர்எஸ் கரைசல், அதாவது பாக்கெட்டில் வரும் உப்பு-குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்தது. இந்த நோயில் உயிரை எடுப்பது வைரஸ் அல்ல, உடம்பிலிருந்து போகிற தண்ணீரும் உப்பும். குடலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படுகின்றன, கூடவே தண்ணீரும் போகிறது. பேதி நேரத்திலும் அந்த வழி அடைபடுவதில்லை. 1971 வங்கதேசப் போரின்போது, எல்லையோர போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கரைத்து வைத்து, நோயாளிகளுக்கு அவரவர் சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கன்வாடியில் சும்மா கிடைப்பதால் அந்தப் பாக்கெட்டைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. சின்னது 200 மில்லிக்கு. மேலே எழுதியிருப்பதைப் பார்த்து, பாக்கெட் முழுவதையும் அந்த அளவு தண்ணீரில் ஒரே தடவையில் கரையுங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி ஆபத்து. ஆறின, காய்ச்சின நல்ல தண்ணியில்தான் கரைக்க வேண்டும், உப்புத் தண்ணியில் வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும், 2 வயசுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயசுவரை 100 முதல் 200 மில்லி. குடித்ததைக் கக்கினால் 10 நிமிஷம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். அவசரப்பட்டு டம்ளரைச் சாய்த்தால் மறுபடி கக்கும்.

பாக்கெட் இல்லாத ராத்திரியில்: 1 லிட்டர் தண்ணீர், தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள்: 2 முதல் 6 மாசக் குழந்தைக்குத் தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. பேதி நின்றாலும் நிறுத்தாதீர்கள்.

மருந்துக் கடையில் பழ வாசனையோடு அட்டைப் பெட்டியில் விற்கிறதே, அது ஆகாதா?

அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அதிக சர்க்கரை பேதியைக் கூட்டும். சரியான கலவை இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பேரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இளநீர், கஞ்சி, மோர்?

பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. ஓஆர்எஸ்ஸுக்குத் துணையாகக் கொடுக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், குழைய வடித்த சோறு எல்லாம் கொடுங்கள். பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும். "தாய்க்குச் சூடு, அதான் புள்ளைக்குப் போகுது" என்று ஆத்தாமார்கள் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு ஊசி போட்டால் நின்றுவிடாதா? தொக்கம் எடுக்கலாமா?

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குளுக்கோஸ் பாட்டில், வாயில் குடிக்க முடியாத நிலைக்குத்தான். தொக்கம் எடுப்பது என்றால், வயிற்றில் சிக்கிய உணவை எடுத்துவிடுவதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம். அதில் வெளியே வருவதாகக் காட்டும் துண்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. அதைவிட முக்கியம், அங்கே போய் வரிசையில் காத்திருக்கும் மூன்று மணி நேரம். அந்த நேரத்தில்தான் குழந்தை வற்றிப்போகிறது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

6 மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் போகாவிட்டால். அழுதால் கண்ணீர் வராவிட்டால், கண் குழிந்தால், உச்சிக்குழி பள்ளமானால். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால். துவண்டு எழுப்பினாலும் எழாவிட்டால். மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, கடுங்காய்ச்சல் இருந்தால். குடிக்கிறதெல்லாம் கக்கினால். இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், வழியெல்லாம் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள். ஆறு மாசத்துக்குக் கீழ் குழந்தை, கர்ப்பிணி, வயசானவர் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முன்னாடியே காட்டிவிடுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அன்றைக்கு அதைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தடுப்பு மருந்து இருக்கிறதா?

ரோட்டாவுக்கு இருக்கிறது, நோரோவுக்கு இன்னும் இல்லை. ரோட்டா தடுப்பு மருந்து வாய்வழி, ஊசி அல்ல. 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் 2016-இல் சேர்ந்தது, தமிழ்நாட்டில் 2017 முதல் கிடைக்கிறது. தில்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு வைரஸ் வகையிலிருந்து நம் நாட்டிலேயே உருவாக்கிய மருந்தும் இதில் ஒன்று. போட்ட பிறகும் லேசாக வரலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போவது வெகுவாகக் குறையும்.

ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி வராதா?

வரும். நோரோவில் பல வகை, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது, வந்த எதிர்ப்பும் நீண்ட நாள் தங்காது.

வீட்டில் வாந்தி பேதி வந்த அன்று சுட்ட பலகாரம் ஒரு தூக்கு நிறைய இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாமா?

சுட்டவரோ எடுத்து அடுக்கினவரோ நோயாளி என்றால் வேண்டாம். கொட்டிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். இரண்டு நாள் கழித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புதுசாகச் சுட்டு அனுப்புங்கள்.